களிமண் முகத்துக்கு ஒரு மாஸ்க்

பழவேற்காடு
20-1-1974

செல்வி அப்பாவுக்குச் சம்பூர்ணம் எழுதிக்கொண்டது.

கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து மூலையில் வைத்துவிடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

நீங்கள் தெற்கே கடலோரம் மண்டபம் ஊரில் இருப்பது தேசப்பன் சொல்லித்தான் தெரியும். தாலி கட்டியவளிடம் முகவரி தராமல், கூட வலை இழுக்கிறவனிடம் தந்திருக்கிறீர்கள். அவன் அதைப் பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதி வைத்துப் பாதியை நெருப்பில் விட்டுவிட்டான். மீதிப் பாதியை நம்பித்தான் இதைப் போடுகிறேன். வந்து சேர்ந்தால் என் அதிர்ஷ்டம், சேராவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

அன்றைக்கு இன்னா சொன்னீர்கள்? "ஊட்டுக்குள்ள வந்தா டயர் எரியிற நாத்தம். அந்த ரப்பர் பட்டறைய வுடு, இல்லன்னா நான் போறேன்." நானும் சும்மா இருந்தேனா? "போறதுன்னா குடையை எடுத்துக்கினு போங்க, மழை வருது" என்றேன். ஏரியை ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஆதிநாராயணன் சாருடைய ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள். குடை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

இருபத்தைந்து வருஷம் உங்கள் மேல் வீசிய மீன் வாசனையை நான் பொறுத்தேன். என் மேல் வீசிய ரப்பர் வாசனையை நீங்கள் மூன்று மாதம் பொறுக்கவில்லை. இது நியாயமா என்று ஊரில் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் என் பக்கம். நாலு பேரும் பெண்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்வி சோழவரத்தில் மாமியார் வீட்டில் சௌக்கியம். அப்பா எங்கே என்று கேட்டாள். கடலுக்கு அடியில் ஏதோ வேலை என்று தேசப்பன் சொன்னதைச் சொன்னேன். அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாப்பிடுகிறீர்களா?

சம்பூர்ணம்


மண்டபம் முகாம்
2-2-1974

சம்பூர்ணத்துக்கு,

கடிதம் வந்தது. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

இங்கே எனக்குப் படகு வேலை. சார் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குருசடைத் தீவுப் பக்கம் பாரில் இறங்குவார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பவளப் பாறை மேடு. என்ன வளர்ந்திருக்கிறது, என்ன செத்திருக்கிறது என்று பலகையில் குறிப்பார். தனியாக இறங்கக் கூடாதாம், துணைக்கு ஒருவன் வேண்டும். "குப்புராஜ், உனக்குத்தான் நல்லா மூச்சு நிக்குது, நீ வா" என்றார். இந்த ஊர்ப் படகுக்காரன் சின்னராசுவும் கேட்டுக்கொண்டிருக்கிறான். பங்குனி முடிவதற்குள் நான் தேறாவிட்டால் அவன் இறங்குவான், நான் மேலே துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூச்சு விடுவதில் தொந்தரவு இல்லை. தொந்தரவு மாஸ்க்கில். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, சுற்றிலும் கறுப்பு ரப்பர். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. பின்னால் வாரை மாட்டக் கூடாது. சும்மா முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை உள்ளே இழுத்து, கையை எடுத்துவிட வேண்டும். விழாமல் நின்றால் அது நமக்கானது. விழுந்தால் வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் உள்ளே வரும், இறுக்க இறுக்க இன்னும் கோணும் என்கிறார் சார்.

ஐந்து மாஸ்க் இருக்கின்றன. ஒன்று வெள்ளைக்காரன் முகத்துக்குச் செய்தது, என் காதுவரை வருகிறது. ஒன்று மூக்குத் தண்டில் ஏறி உட்கார்ந்து வலிக்கிறது. இரண்டு பார்வைக்குச் சரி, ஆனால் கையை எடுத்ததும் விழுகின்றன. ஐந்தாவது சின்னது, கண் இரண்டும் அதில் அடங்கவே இல்லை. சின்னராசுவுக்கு மூன்றாவது ஒட்டிக்கொண்டு நின்றது. சிரிக்கிறான்.

கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு முறை இறங்கினேன். பத்து எண்ணுவதற்குள் கண்வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஆனால் அந்தப் பத்துக்குள் பார்த்தேன். நம்முடைய ஏரியில் முழங்கை விட்டால் விரல் தெரியாது. நாற்பத்தாறு வயதுவரை தண்ணீருக்கு மேலேதான் பிழைத்தேன், அடியில் இருப்பதை வலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கே மூன்று ஆள் ஆழத்தில் என் நிழல் மணலில் விழுந்ததைப் பார்த்தேன். அதற்குள் உப்புத் தண்ணீர்.

மாஸ்க் ரப்பரெல்லாம் பழசு, வெடித்திருக்கிறது. உன்னிடம் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

குப்புராஜ்


பழவேற்காடு
9-2-1974

செல்வி அப்பாவுக்கு,

வேறு ஒன்றும் கேட்கவில்லை என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். பட்டறையில் கன்னியம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். அந்த முகத்துக்குப் பொருந்துகிற ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை என்று கேட்பது எனக்குப் புதிது இல்லை. கல்யாணத்தில் உங்கள் தலைப்பாகை மூன்று முறை அவிழ்ந்து விழுந்தது.

வெடித்த ரப்பரோடு மாஸ்க்கைப் பார்சல் போடுங்கள். நாங்கள் கும்மிடிப்பூண்டியில் செய்வது என்ன? பம்பு மோட்டாருக்கு வாஷர். இரண்டு இரும்புக்கு நடுவே உட்கார்ந்து தண்ணீரை ஒழுகாமல் பிடிக்கிற வேலை. இரும்புக்குப் பிடிக்கிற ரப்பர் உங்கள் முகத்துக்குப் பிடிக்காதா? உங்கள் முகம் என்ன, அதைவிடக் கெட்டியா?

ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். வாஷர் ஒழுகுகிறது என்று யாராவது கொண்டுவந்தால் எங்கள் ஃபிட்டர் செங்கல்வராயன் அண்ணன் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் ஒழுகுது?" என்பதுதான். அதைச் சொல்லாமல் வைத்தியம் பார்க்க மாட்டார். ஆகவே சொல்லுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது? நெற்றியா, கன்னமா, மூக்குக்குக் கீழா?

சாப்பிடுகிறீர்களா என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை.

சம்பூர்ணம்


பழவேற்காடு
2-3-1974

செல்வி அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. உள்ளே இரண்டு மாஸ்க்கும் ஒரு பழைய செய்தித்தாளும் இருந்தன. கடிதம் இருக்குமோ என்று தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மழை நிலவரம்தான் இருந்தது. எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

சரி, நடந்ததைக் கேளுங்கள். பெரிய மாஸ்க்கின் பழைய ரப்பர் விளிம்பைச் சீவி எடுத்துவிட்டேன். புது விளிம்பு போட வேண்டும் என்றால் முகத்தின் அளவு வேண்டுமே. முகம் மண்டபத்தில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செங்கல்வராயன் அண்ணன், "ஞாபகத்துல இருக்கிறத மண்ணுல புடிச்சுப் பாரும்மா" என்றார். ஏரிக்கரைக் களிமண்ணை வாளியில் எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பிடித்தேன்.

முதல் நாள் செய்தது உங்கள் அண்ணனைப் போல வந்தது. கலைத்துவிட்டேன். இரண்டாவது நாள் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். ஜுரம் வந்தபோதெல்லாம் தைலம் தேய்த்த கைதானே, அதற்குத் தெரிந்திருந்தது. இடது கன்ன எலும்பு வலதைவிடக் கொஞ்சம் தூக்கல். வலது பக்கம் மூக்கு ஓரமாக, தூண்டில் முள் கிழித்த பள்ளம். மேலுதட்டில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒட்டச் சிரைத்துக்கொள்கிற வழவழப்பு. எல்லாம் தானாக வந்தது. கண்ணைத் திறந்தால் எதிரில் நீங்கள், பேசாமல். நான் பார்த்ததிலேயே நல்ல புருஷன் அவர்தான்.

கன்னியம்மா, "மூக்க இன்னும் கொஞ்சம் தூக்கி வையிக்கா, மாமாவுக்கு எப்பவும் மூக்கு மேலதான கோவம்" என்றாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் யாரோ உங்களுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, காதில் ஒரு செம்பருத்தியும் செருகியிருந்தார்கள்.

மெல்லிய ரப்பரை வெட்டி, ஓரத்தைச் சீவி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். அண்ணன் லேசான சூட்டில் வேகவைத்துக் கொடுத்தார். அப்புறம் மாஸ்க்கை மண் முகத்தில் வைத்து, விளிம்புக்கு அடியில் தாளைச் செருகிச் சுற்றிலும் இழுத்துப் பார்த்தோம். தாள் எங்கேயாவது வழுக்கி வந்தால் அங்கே சந்து இருக்கிறது என்று அர்த்தம். எங்கேயும் வரவில்லை, கிழிந்துதான் வந்தது. ஒழுகாது.

பெரியதை அனுப்பிவிட்டேன். சின்னதில் வேலை பாக்கி இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும்.

சம்பூர்ணம்


மண்டபம் முகாம்
11-3-1974

சம்பூர்ணத்துக்கு,

ஒழுகுகிறது.

ரப்பர் நன்றாக இருக்கிறது. சார் தடவிப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டார். என் வீட்டில் என்று சொன்னேன். அவர் போட்டால் நிற்கிறது, சின்னராசு போட்டாலும் நிற்கிறது. நான் போட்டால் ஒரு மூச்சு நின்று விழுகிறது. தண்ணீர் வருவது மூக்குக்குக் கீழே.

நீ என்னை மறந்துபோய்ச் செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். மண்ணில் யாரைப் பிடித்தாயோ.

பங்குனி முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. மாஸ்க்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சாப்பிடுகிறேன்.

குப்புராஜ்


பழவேற்காடு
17-3-1974

செல்வி அப்பாவுக்கு,

மறந்துபோய்ச் செய்திருக்கிறேனா? சரி, அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

மாஸ்க் வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதலில் வாசனை. படகு என்ஜினுக்குப் போடுகிற கிரீஸ் வாசனை. கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிச் செத்துப்போகும் என்று முதல் நாள் வேலைக்கு வந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். வழவழப்பான உதட்டில் வைக்கிற மாஸ்க்குக்கு எதற்கு கிரீஸ்? எதைப் படிய வைக்க?

இரண்டாவது, விளிம்பின் உள்பக்கம், சரியாக மூக்குக்குக் கீழே வருகிற இடத்தில், மூன்று முடி ஒட்டியிருந்தது. இரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை நீளம். கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னாக்கா, மாமா சாமியாராப் பூட்டாரா?" என்றாள்.

ஐந்து மாஸ்க்கும் உங்கள் முகத்தில் நிற்கவில்லை. விளிம்பு மாற்றி நான் செய்ததும் நிற்கவில்லை. அதுவே சாருக்கும் சின்னராசுவுக்கும் நிற்கிறது. அப்படியானால் குற்றம் மாஸ்க்கில் இல்லை. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு முடி போனால்கூட அது தண்ணீருக்கு வாய்க்கால். நீங்கள் ஒரு காட்டையே வைத்திருக்கிறீர்கள்.

நான் உங்களை மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த முகத்துக்குத்தான் செய்தேன். எனக்குத் தெரியாத முகம் ஒன்றை வளர்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று என் மேல் பழி போடுகிறீர்கள்.

எதற்கு இந்தத் தாடி? சவரக்கத்தி கிடைக்காத ஊரா அது? உண்மையை எழுதுங்கள். கேலி செய்ய மாட்டேன். அதிகமாகச் செய்ய மாட்டேன்.

சம்பூர்ணம்


மண்டபம் முகாம்
23-3-1974

சம்பூர்ணத்துக்கு,

இதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

அன்றைக்கு ஜீப் அங்காளம்மன் கோயிலைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அவள் ரப்பர் வேலையை விடுகிறவரைக்கும் முகத்தில் கத்தி படாது, விட்டதும் முடியை உன் சன்னதியில் இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பத்து நாளில் விட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

வலைக்கூட்டத்தில் ஒருவன், "பொம்பள வேலைக்குப் போவ, நீ கரையில குந்திக்கினு இரு" என்று சொன்னதை உன்னிடம் நான் சொல்லவில்லை. போன வருஷம் எனக்கு மீனே படவில்லை. நீ காலையில் கலகலப்பாகக் கிளம்பிப் போவாய். அந்தக் கலகலப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. வாசனை என்று சொன்னது பொய்.

சார் தினமும் சொல்கிறார், மீசையை எடு என்று. சாமி காரியம் என்று சொல்லிவிட்டேன். சின்னராசு நேற்று சிலிண்டரைக் கட்டிப் பழக ஆரம்பித்துவிட்டான். நான் படகிலிருந்து குனிந்து அவன் விடுகிற குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாக்கு கொடுத்தாயிற்று. என்ன செய்வது என்று தெரியவில்லை.

குப்புராஜ்


பழவேற்காடு
28-3-1974

செல்வி அப்பாவுக்கு,

கேலி செய்ய மாட்டேன் என்று சொன்னதால் இந்தக் கடிதம் சின்னதாக இருக்கும்.

வேலையை நான் விடமாட்டேன். அச்சிலிருந்து வெந்து வருகிற வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு புள்ளி ஓட்டை இருக்காது. எந்த ஊரிலோ, எவருடைய கிணற்றிலோ, அது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் மூன்று ஆள் ஆழத்தில் உங்கள் நிழலைப் பார்த்தீர்களே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கலகலப்பாகப் போனது அதற்காகத்தான். உங்களை விட்டுப் போகிறோம் என்று இல்லை. மீன் படாததை நீங்கள் என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகப் போயிருப்பேன்.

என் வேலையை வைத்து என்னைக் கேட்காமலே அம்மனிடம் பேசியிருக்கிறீர்கள். ஆகவே நானும் உங்களைக் கேட்காமல் நேற்றுக் கோயிலுக்குப் போனேன். பின்னலில் மூன்று விரற்கடை கத்தரித்துப் பூமுடி கொடுத்துவிட்டேன். அவர் முடிக்குப் பதில் என் முடி, அவரை விட்டுவிடு தாயே என்று சொல்லியாயிற்று. பூசாரியையும் கேட்டேன். வீட்டில் ஒருத்தர் கொடுத்தால் போதும் என்றார்.

இனி உங்கள் முகம் உங்கள் இஷ்டம். கிரீஸைத் துடைத்துப் புது விளிம்பு போட்டு மாஸ்க்கை அனுப்பியிருக்கிறேன். பழைய அளவுதான். மண் முகத்தை நான் மாற்றவில்லை.

சம்பூர்ணம்


மண்டபம் முகாம்
8-4-1974

சம்பூர்ணம்,

உன் கடிதம் வந்தது ஒன்றாம் தேதி. நான் சவரம் செய்துகொண்டது போன மாதம் இருபத்தாறாம் தேதி. இதை நீ நம்ப வேண்டும்.

உனக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு, நான் எழுதியதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உன் வேலையை நிறுத்த என் முகத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன். நீ அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறாய். பூட்டுக்குள் இருப்பது நான். சாமி கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும் என்று சலூனில் போய் உட்கார்ந்தேன். தாடி இருந்த இடம் வெளுத்துப்போய், பாதி முகம் ஒரு நிறம், மீதி ஒரு நிறம். சார் யாரோ புது ஆள் என்று நினைத்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

நாலாம் தேதி உன் மாஸ்க் வந்தது. படகிலேயே வைத்து, மூக்கால் லேசாக இழுத்து, கையை எடுத்தேன். நின்றது. தலையைக் குனிந்தேன், ஆட்டினேன், நின்றது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். சின்னராசுதான் முதலில் கை தட்டினான். அப்புறம்தான் வாரை மாட்டினேன், அதுவும் இறுக்காமல்.

பாரில் இறங்கினோம். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், அடைப்பு விட்டுவிடும். அப்புறம் பயம் ஒன்றும் இல்லை. எப்படிச் சொல்வது. மான் கொம்பு காடாக முளைத்தது போல ஒரு பக்கம், முட்டைக்கோஸ் விரிந்தது போல ஒரு பக்கம், எல்லாம் கல், எல்லாம் உயிர். கிளிமீன் பவளத்தைக் கடிக்கிறது. நமக்குக் கேட்கிறது, கரும்பு கடிக்கிற சத்தம். தட்டு மாதிரி மஞ்சள் மீன்கள் இரண்டிரண்டாகப் போகின்றன. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்புகிறது. பின்னால் போனது வாயை மூடவே இல்லை. உன்னை நினைத்தேன்.

ஒரு கலவா மீன் கல்லுக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஓடவில்லை. என்னைக் கண்டு ஓடாத மீனை இந்த வயதில்தான் பார்க்கிறேன். கையில் வலை இல்லாமல் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, கும்பிட்டுவிட்டேன். மேலே வந்து சார் வெகுநேரம் சிரித்தார்.

இன்னொன்று. வாயால்தான் மூச்சு. மூக்கு மாஸ்க்குக்குள் சும்மா இருக்கிறது. அடியில் போய் நின்றதும் அதற்கு ஒரு வாசனை வந்தது. ரப்பர் வாசனை. சாயங்காலம் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாயே, அப்போது உன் புடவையில் வருகிற அதே வாசனை. மேலே ஏறும்வரை கூடவே இருந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மேலே வந்து பார்த்தால் உள்ளே ஈரம் இருந்தது, அது வேறு.

பங்குனி முடிவதற்குள்ளேயே சார் என் பெயரை எழுதிக்கொண்டார். வேலை ஆனி வரை.

குப்புராஜ்


பழவேற்காடு
14-4-1974

செல்வி அப்பாவுக்கு,

இருபத்தாறாம் தேதியே சிரைத்துவிட்டீர்களா? அப்படியென்றால் நான் கொடுத்த மூன்று விரற்கடை முடி வீணா? பூசாரியிடம் கேட்டேன், திருப்பித் தர மாட்டாராம். ஆகவே அங்காளம்மனிடம் எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது. எதற்கு என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஜீப்பில் ஏறும்போது யோசித்து ஏறுங்கள்.

உங்கள் கடிதத்தில் அந்த ரப்பர் வாசனை வரியை மட்டும் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டுப் பார்த்தாள், தரவில்லை. மண் முகத்தைக் கலைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதற்கு இன்றைக்கும் யாரோ பூ வைத்திருக்கிறார்கள், வருஷப் பிறப்பு இல்லையா.

சின்ன மாஸ்க்கில் வேலை பாக்கி இருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அது முடிந்துவிட்டது. மண் எதுவும் பிடிக்கவில்லை. முகம் பக்கத்திலேயே இருந்தது. நேற்று வைத்து, மூக்கால் இழுத்து, கையை எடுத்தேன். நின்றது. மூக்குத்தி இடித்தது, அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் வைத்தேன், இன்னும் நன்றாக நின்றது.

எனக்குப் பத்து நாள் லீவு சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை எழும்பூரில் ரயில் ஏறுகிறேன். சிலிண்டர் எல்லாம் எனக்கு வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் உள்ளே விடுவேன். கல்லுக்கு அடியில் இருக்கிற அந்த மீனை எனக்குக் காட்ட வேண்டும். சாரிடம் சொல்லி வையுங்கள்.

ஸ்டேஷனுக்கு வரும்போது சிரைத்துக்கொண்டு வாருங்கள், அடையாளம் தெரிய வேண்டும்.

குடையையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

சம்பூர்ணம்